பாத்தியதை என்றொரு சொல்

போன மாதம் நூம்பலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். குடியிருப்போர் சங்கத்துப் பெண்கள் சேர்ந்து, ஜிம்முக்குப் பக்கத்தில் சும்மா கிடந்த ஓர் அறையில் நூலகம் திறந்திருந்தார்கள். மூன்று நாவல் எழுதியவள், அதிலும் இதே ஊர்க்காரி என்று யாரோ சொல்லி என்னைப் பிடித்துவிட்டார்கள். பேசி முடித்ததும் மதுரைப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு பெண், கம்பெனி அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து கழற்ற மறந்தபடியே எழுந்து, "எம் பொண்ணு தமிழ்ல ஒரு பக்கம் படிக்கச் சொன்னா அழுகுறா மேடம். உங்களுக்கு மட்டும் இந்த ஆசை எப்படி வந்துச்சு?" என்று கேட்டார்.

இந்தக் கேள்விக்கு என்னிடம் தயாராக ஒரு பதில் உண்டு. எழுத்துக் கூட்டத் தெரியாத ஓர் அத்தை எங்கள் வீட்டில் இருந்தாள், வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளை அவளுக்கு நான்தான் வாசித்துக் காட்டுவேன், அப்படி வந்ததுதான் என்பேன். கேட்பவர்கள் முகம் இளகிவிடும். அன்றும் இளகியது. கைதட்டி, ஒரு தொட்டிச் செடியைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். நான் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பாதியில் நிறுத்திக்கொண்டேன், அவ்வளவுதான். அந்தக் குடியிருப்பு நிற்கிற இடம் எங்கள் குடும்பத்து நிலம். அது அத்தையின் கையை விட்டுப் போனதில் என் தமிழுக்கும் பங்கு உண்டு என்பதை அவர்களிடம் எப்படிச் சொல்வது.

அத்தை, அப்பாவுக்கு நேர் மூத்தவள். அவளுக்கும் மூத்தவர் பெரியப்பா. அப்பா பிறந்தபோது, கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அத்தையை இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். அந்தக் கைக்குழந்தை வளர்ந்து பத்தாவது தேறி, அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் வேலைக்குப் போனது. அத்தையைத் திருமழிசைப் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். இரண்டே வருடத்தில் அவள் புருஷன் வேறொருத்தியோடு குடித்தனம் வைக்க, ஒரு டிரங்குப் பெட்டியோடு திரும்பி வந்தாள். பிள்ளை குட்டி கிடையாது. எனக்கு நினைவு தெரிந்தபோது அவளும் எஸ்டேட்டில்தான் வேலை பார்த்தாள். ஏற்றுமதித் துணிக் கம்பெனியில், தைத்து வரும் சட்டைகளில் பிசிறு நூல் வெட்டுகிற வேலை. வேலப்பன்சாவடியில் பஸ் ஏறிப் போய், பொழுது சாயும் நேரத்தில் தலைமுடியெல்லாம் பஞ்சுத் தூசியோடு வந்து இறங்குவாள். சனிக்கிழமைகளில் மட்டும் கையில் ஒரு வாரப் பத்திரிகை இருக்கும்.

அவளுக்குப் படிக்கத் தெரியாதே தவிர, கேட்கத் தெரியும். அப்படிக் கேட்கத் தெரிந்த ஒருவரை நான் அதற்குப் பிறகு பார்க்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டோ, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டோ, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டுதான் கேட்பாள். ஆனால் அலுப்பில் நான் ஒரு வரியைத் தாண்டினால் போதும், "நடுவுல ஒண்ணு உட்டுட்ட பாப்பா, ஒத்துப் போகல" என்பாள். திரும்பிப் பார்த்தால் உண்மையிலேயே ஒரு வரி விட்டிருப்பேன். எப்படிக் கண்டுபிடித்தாள் என்று அப்போது எனக்குப் புரியவில்லை. வாக்கியத்துக்கு ஓர் ஓட்டம் உண்டு, அது தடுக்கினால் காதுக்குத் தெரியும் என்பதை நான் கல்லூரியில் படித்துத் தெரிந்துகொண்டேன்.

ஒருமுறை ஒரு தொடர்கதையில், உலையில் போட அரிசி இல்லாமல் தவிக்கும் ஒருத்தி புருஷனைப் பார்த்து அரைப் பக்கத்துக்குச் செந்தமிழில் பேசினாள். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடித்துப்போய் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். அத்தை முறத்தைத் தட்டி நிறுத்தினாள்.

"பசிக்கற பொம்பள இவ்ளோ நீட்டி முழக்கிகினு இருப்பாளா? இத எழுதனவன் ஒரு நாளும் அடுப்பாண்ட போயி நின்னுருக்க மாட்டான்."

இன்றைக்கும் என் பாத்திரங்களில் யாராவது நீளமாகப் பேசினால் அந்த முறம் தட்டும் ஓசை கேட்கும். பாதி வரிகளை அடித்துவிடுவேன்.

ஐந்தாம் வகுப்பு படித்த எனக்கு இதிலெல்லாம் ஒரு திமிர் வந்திருந்தது. கதையில் தெரியாத சொல் வந்தால் அத்தை என்னைத்தான் கேட்பாள். நான் சொல்லுகிற அர்த்தத்தை அப்படியே வாங்கிக்கொள்வாள். மறுநாள் கம்பெனியில் போய், "எங்க பாப்பா சொல்லிச்சு" என்று நாலு பேரிடம் சொல்வாள். ஊரிலேயே என் சொல்லைச் சபையில் எடுத்து வைக்கிற ஒரே ஆள் அவள்தான். அதனால் 'தெரியாது' என்கிற சொல்லை நான் அவளிடம் பயன்படுத்தியதே கிடையாது. தெரியாத சொல் வந்தால் முன்னும் பின்னும் இருக்கிற சொற்களைப் பார்த்து, அதன் ஓசையைப் பார்த்து, பொருத்தமாக ஒன்றைச் சொல்லிவிடுவேன். பத்துக்கு எட்டு சரியாகவே இருக்கும்.

அந்த வருடம்தான் நிலத்துக்கு விலை வந்தது. பூந்தமல்லி நெடுஞ்சாலையிலிருந்து உள்ளே வருகிற எங்கள் தெருவில் வாரத்துக்கு இரண்டு கார்கள் வந்து நிற்கும். வெள்ளைச் சட்டைக்காரர்கள் இறங்கி, கத்திரிச் செடிகளுக்கு நடுவே செருப்போடு நடந்து அளந்து பார்த்துவிட்டுப் போவார்கள். தாத்தா எதையும் எழுதி வைக்காமல் இறந்துபோனவர். அதனால் நிலத்தில் பெரியப்பா, அத்தை, அப்பா மூன்று பேருக்கும் சமமான பங்கு. அத்தை அந்தப் பங்கைப் பற்றி ஆசையாகப் பேசுவாள். பெரிதாக ஒன்றுமில்லை. கிணற்றுக்குப் பக்கத்தில் ஓர் அறையும் ஒரு சமையல்கட்டும் போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கு வெளியிலிருந்து பூட்டுகிற கதவு ஒன்று வேண்டும். பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வேலைக்குப் போக வேண்டும். அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பதினோரு வருடம் படுத்த ஒருத்திக்கு அப்படி ஆசை வருவது இயல்புதான் என்று இப்போது தோன்றுகிறது. அப்போது, எங்கள் வீட்டை அவள் அடுத்தவர் வீடு என்று நினைக்கக்கூடும் என்பதே எனக்குத் தெரியாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பாடு முடிந்ததும் பெரியப்பா வந்தார். அவர் கையில் இருந்த பிளாஸ்டிக் பையில் முத்திரைத்தாள்கள் இருந்தன. அப்பாவும் அவரும் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். அத்தை சுவரோரம் தரையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பாகம் பிரிப்பதற்கு முன்னால் இப்படி ஒரு பத்திரம் போட்டாக வேண்டும், புதன்கிழமை பத்திர ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட்டால் போதும் என்று அப்பா சொன்னார். அத்தைக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். கம்பெனியில் சம்பளத்துக்காகப் பழகியது. ஐந்து எழுத்தையும் கோலம் போடுவதுபோல நிதானமாக வரைவாள்.

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "போடறேன் தம்பி. பாப்பா ஒருதபா படிக்கட்டும். கேட்டுட்டுப் போடறேன்."

பெரியப்பாவுக்கு முகம் மாறிவிட்டது. "சின்னப் பொண்ணு, அதுக்கு இன்னா தெரியும்? கூடப் பொறந்தவங்க மேல நம்பிக்க இல்லியா உனக்கு?"

"நம்பிக்க இல்லாம இன்னா. எதுல கையெழுத்துப் போடறோம்னு காதுல உழட்டும், அவ்ளோதான்."

அப்பா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார். பிறகு, "படிக்கட்டும் அண்ணே" என்றார். அப்பா என்னை நன்றாக அறிந்தவர். நான் எவ்வளவு அழகாகப் படிப்பேன் என்பதும் அவருக்குத் தெரியும், எவ்வளவு புரியும் என்பதும் தெரியும்.

தாளை என் கையில் கொடுத்தார். நான் எழுந்து நின்றுகொண்டேன். பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியில் நிற்பதுபோல, கால்களைச் சேர்த்து. தலைப்பில் 'விடுதலைப் பத்திரம்' என்று இருந்தது. எனக்கு மகிழ்ச்சியாகிவிட்டது. அந்த ஆகஸ்டில்தான் அந்தச் சொல்லை வைத்துப் பேசி ஒரு சோப்புப் பெட்டி பரிசு வாங்கியிருந்தேன்.

"விடுதலைன்னா?" என்றாள் அத்தை.

"சுதந்திரம் அத்த."

"நெலத்துக்கு இன்னா சுதந்திரம்?"

"இரு, உள்ள வரும்" என்றேன். வந்தது. அதைப்போன்ற தமிழை நான் அதுவரை படித்ததில்லை. ஒரு வாக்கியம் ஒரு பக்கம் முழுக்க ஓடியது. மூச்சு விட இடமில்லை. மேற்படி, யாதொரு, எக்காலத்தும், மனப்பூர்வமாக என்று சொற்கள் ஒன்றன் தோளில் ஒன்று கை போட்டுக்கொண்டு வந்தன. எனக்குப் போதை ஏறியதுபோல இருந்தது. 'எனக்குரிய பிரிபடாத மூன்றில் ஒரு பாகத்தை விடுதலை செய்து கொடுத்து' என்ற இடத்தில் அத்தை கையை உயர்த்தினாள்.

"மூணுல ஒண்ணு என்துதானே? அத இன்னா பண்றாங்களாம்?"

"உன் பாகத்துக்குத்தான் விடுதலை. பிரியாம கெடந்துச்சு இல்ல, அத விடுவிக்கறாங்க. தனியா."

அத்தை தலையாட்டினாள். கிணற்றுப் பக்கத்து அறையை அவள் பார்த்துவிட்டாள் என்று நினைக்கிறேன். நான் மேலே படித்தேன். 'இனி எனக்கும் என் வாரிசுகளுக்கும் மேற்படி சொத்தில் யாதொரு பாத்தியதையும் பின்தொடர்ச்சியும் எக்காலத்தும் கிடையாது.'

"எனக்கு ஏது வாரிசு" என்று அத்தை லேசாகச் சிரித்தாள். "இருந்தா நீதான். அந்தப் பா... இன்னா அது?"

"பாத்தியதை."

"அப்டின்னா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது. அந்தக் கணத்தை இத்தனை வருடம் கழித்தும் என்னால் கையால் தொட முடியும்: தாளின் மொறமொறப்பு, மின்விசிறியின் கடக் கடக் சத்தம், கீரைத் தண்டின் பச்சை வாசனை. அப்பாவைப் பார்த்தேன். அவர் கட்டைவிரல் நகத்தில் இருந்த கிரீஸ் அழுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார். பெரியப்பா தெருவைப் பார்த்தார். அம்மா சமையல்கட்டிலிருந்து கரண்டியும் கையுமாக வாசல்படி வரை வந்து நின்றாள். அம்மா எட்டாவது வரை படித்தவள். நின்றாள், பிறகு உள்ளே போய்விட்டாள்.

பாத்தியதை. பாதிப்பு என்ற சொல்லுக்குப் பக்கத்து வீட்டுச் சொல் மாதிரிதான் எனக்குக் கேட்டது. கிடையாது என்றும் முடிகிறது. பொருத்திப் பார்த்தேன். பொருந்தியது.

"பாதிப்பு அத்த. இந்த நெலத்தால உனக்கு எப்பவும் எந்தப் பாதிப்பும் வராது. யாரும் உன் பின்னாடி தொடர்ந்து வந்து தொந்தரவும் பண்ண மாட்டாங்க. அதான் பின்தொடர்ச்சி."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். "அப்டியா தம்பி?"

"பாப்பாதான் சொல்லுதே" என்றார் அப்பா.

விமர்சகர்கள் சில பேர் என் நாவல்களில் சொல்லாட்சி அபாரம் என்று எழுதியிருக்கிறார்கள். தெரியாத இடத்தைத் தடம் தெரியாமல் நிரப்புகிற வேலையைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். அதை நான் முதன்முதலில் செய்தது அன்று மத்தியானம். ஒரு வரியைத் தாண்டினால் கண்டுபிடிக்கிற காதுக்கு, ஒரு வரியும் தாண்டாமல் சொன்ன பொய் பிடிபடவில்லை.

புதன்கிழமை நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். பத்திர ஆபீசில் நடந்ததை அம்மா பல வருடம் கழித்துத்தான் சொன்னாள். அங்கே இருந்த அதிகாரி நல்ல மனுஷன் போலிருக்கிறது. தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தலையை நிமிர்த்தி அத்தையிடம் நேராகவே கேட்டிருக்கிறார்: "உங்க பங்கு மொத்தத்தையும் இவங்களுக்கே விட்டுக் கொடுக்குறீங்க. பின்னாடி வந்து கேட்க முடியாது. புரியுதாம்மா?" அத்தை ஒரு பக்கம் அண்ணனையும் ஒரு பக்கம் தம்பியையும் பார்த்திருக்கிறாள். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முனக ஆரம்பித்துவிட்டார்கள்.

"கொழந்த படிச்சிச்சுங்க" என்றாளாம்.

"அது இருக்கட்டும். உங்களுக்குப் புரிஞ்சுதா இல்லையா?"

"புரிஞ்சிது" என்று சொல்லிவிட்டு, எல்லாப் பக்கத்திலும் அந்த ஐந்து எழுத்தை வரைந்திருக்கிறாள். ஏன் மறுக்கவில்லை என்று அம்மாவிடம் கேட்டேன். "மறுத்துட்டு எந்த ஊட்டுக்குத் திரும்பி வருவா?" என்றாள் அம்மா.

நான் நான்கு மணிக்குப் பள்ளி விட்டு வந்தபோது அத்தை வாசல் குழாயடியில் நின்று கால் கழுவிக்கொண்டிருந்தாள். வேலைக்குப் போகும்போது கட்டுகிற சேலை இல்லை; கல்யாணங்களுக்குக் கட்டுகிற மாம்பழ நிறச் சேலை. கால் கழுவி முடித்தும் குழாயை மூடவில்லை. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள்.

"பாப்பா, அன்னிக்கு அந்த வார்த்தைக்கு ஒரு அர்த்தம் சொன்னியே. தெரியாம சொன்னியா, தெரிஞ்சிதான் சொன்னியா?"

கோபமாகக் கேட்கவில்லை. கெஞ்சுகிற மாதிரிகூட இருந்தது. எனக்கு என்னவோ பரீட்சை வைக்கிறாள் என்றுதான் பட்டது. கம்பெனியில் யாரோ என் அர்த்தத்தைச் சந்தேகப்பட்டிருக்கிறார்கள், என் மானம் போகப்போகிறது என்று நினைத்தேன். முதுகுப் பையின் வார்களை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தலையை நிமிர்த்திச் சொன்னேன்.

"தெரிஞ்சிதான் அத்த சொன்னேன்."

அவள் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு குனிந்து குழாயை மூடிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் அப்பா பூந்தமல்லியிலிருந்து எனக்கு ஒரு தமிழ் அகராதி வாங்கி வந்தார். கெட்டி அட்டை. ஒரு வருடமாக நான் கேட்டுக்கொண்டிருந்தது. முதலில் 'அ'வைப் பிரித்து முகர்ந்து பார்த்துவிட்டு, நேராகப் 'பா'வுக்குப் போனேன். பாத்தியதை: உரிமை, சொந்தம் என்று போட்டிருந்தது. என் காது சூடானது. அர்த்தம் தப்பு. உரிமைக்குப் பதிலாகப் பாதிப்பு என்று சொல்லியிருக்கிறேன். ஆனால் அந்தச் சரியான அர்த்தத்தைப் பத்திரத்து வாக்கியத்தில் வைத்துப் படித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. தேர்வில் ஒரு விடை தப்பாகிப் போனதுபோலத்தான் இருந்தது. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று முடிவு செய்து அகராதியை மூடிவிட்டேன். மூன்று நாட்களுக்கு அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

அத்தை அதற்குப் பிறகு நான்கு மாதம்தான் எங்கள் வீட்டில் இருந்தாள். கம்பெனிப் பெண்கள் இரண்டு பேரோடு சேர்ந்து அம்பத்தூரில் ஓர் அறை எடுத்துக்கொண்டு, அதே டிரங்குப் பெட்டியோடு போய்விட்டாள். பண்டிகைக்குக்கூட வரவில்லை. என் முதல் நாவல் வந்தபோது அதை எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். பின்னட்டையில் இருந்த என் போட்டோவைப் பார்த்தாள். புத்தகத்தை டிவிக்கு மேலே பத்திரமாக வைத்தாள். என்ன கதை என்று கேட்கவில்லை. டீ போட்டுக் கொடுத்தாள். நான் வழியெல்லாம் மனப்பாடம் செய்து வந்ததைச் சொன்னேன்: "அன்னிக்கு நெஜமா எனக்கு அர்த்தம் தெரியாது அத்த."

"சரி பாப்பா. டீ ஆறுது பாரு" என்றாள்.

நம்பினாளா என்று தெரியவில்லை. நம்பாவிட்டால் அவளைக் குறை சொல்ல முடியாது. அதற்குள் நான் பத்து வருடம் கதை எழுதிப் பழகியிருந்தேன். 'தெரியாம சொன்னேன்' என்று நான் சொல்லிவிட வேண்டும் என்பதற்காகத்தான் அன்று குழாயடியில் அந்தக் கேள்வியையே கேட்டாள். வீட்டில் மூன்று பேர் தெரிந்தே செய்தார்கள், நீயாவது தெரியாமல் செய்தாய் என்று இருக்கட்டும் என்று கேட்டாள். நான் என் படிப்பைக் காப்பாற்றிக்கொண்டேன்.

ஆனால் இதில் எதுவும், பத்திரம் பதிந்த அந்த வாரச் சனிக்கிழமை எனக்குத் தெரியாது. அத்தை பஸ் இறங்கி வந்தபோது கையில் பத்திரிகை இல்லை. கடையில் தீர்ந்துவிட்டிருக்கும் என்று நினைத்து, நானே ஓடிப்போய்ப் பக்கத்துத் தெருக் கடையில் ஒன்று வாங்கி வந்தேன். அத்தை கூடத்தில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து தொடர்கதைப் பக்கத்தைப் பிரித்தேன். போன வாரம் நிறுத்திய இடம் நல்ல இடம். கதாநாயகிக்கு ஒரு கடிதம் வந்திருந்தது.

"வேணாம் பாப்பா. தல வலிக்குது" என்றாள்.

அவள் தலைவலி என்று ஒரு நாளும் படுத்ததில்லை. அம்மாவின் அலமாரியிலிருந்து தைலப் புட்டியை எடுத்து வந்து, அவள் நெற்றியிலும் பொட்டிலும் வட்ட வட்டமாகத் தேய்த்துவிட்டேன். அவள் தடுக்கவில்லை. கண்களை மூடிக்கொண்டு கிடந்தாள். கொஞ்ச நேரத்தில் மூடிய கண்களின் ஓரத்திலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுப் பக்கம் ஓடியது. தைலம் அதிகமாகிக் கண்ணில் பட்டுவிட்டது என்று நினைத்தேன். பாவாடை நுனியால் அதைத் துடைத்துவிட்டு, எரிச்சல் போகட்டும் என்று ஊதினேன். பிறகு குரலைத் தாழ்த்தி, ஒரு பக்கம் மட்டும் படிக்கட்டுமா என்று கேட்டேன்.